துடைக்கக் கூடாது, ஒத்தி எடுக்க வேண்டும்

கார் கழுவின பிறகு அதைத் துடைக்கவே கூடாது, துண்டால் ஒத்தி ஒத்தித்தான் எடுக்க வேண்டும் என்று எனக்கு முதல் முதலில் சொன்னது என் மகன் கிங்ஸ்லி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. இந்த வண்டி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆகையால் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிடுங்கள். தூசியாக இருக்கிறதே என்று தட்டப் போனீர்கள், நல்ல எண்ணம்தான். ஆனால் காய்ந்த துணியும் தூசியும் சேர்ந்தால் அது உப்புத்தாள். கறுப்பு வண்டி வேறு. தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் விழுந்தாலும் வெயிலில் சிலந்தி வலை மாதிரித் தெரியும். இதுவும் அவன் சொன்னதுதான்.

இப்படி நிழலில் உட்காருங்கள். எங்கள் ஸாரும் உங்கள் மச்சானும் ஆர்சி புத்தகத்தை நகல் எடுத்துவிட்டு, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று அந்த ஏஜென்டிடம் கேட்டுக்கொண்டு வர எப்படியும் அரை மணி நேரம் ஆகும். ஸாருடைய நடை மெதுவான நடை. அதற்குள் இதை எப்படி உலர்த்துவது என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வண்டியை வாங்கிக்கொண்டு போகிறவருக்குத் தெரிய வேண்டாமா? காகிதம் எல்லாம் ஸார் கொடுப்பார்கள். இது காகிதத்தில் இல்லாதது. காப்பி சூடாக இருக்கிறது, குடியுங்கள். டம்ளரை மட்டும் வண்டி மேல் வைக்க வேண்டாம்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன் தம்பி. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ரிட்டயரானவர்கள், அதனால் இந்தத் தெருவில் எல்லாரும் அவர்களை ஸார் என்பார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். பிள்ளைகள் இரண்டு. மகள் பிளஸ்ஸி கோயம்புத்தூரில் இருக்கிறாள், தினம் போன் பண்ணுவாள், அது கிடக்கட்டும். மகன் கிங்ஸ்லி கத்தாரில் இன்ஜினியர். பெரிய பெரிய கட்டடங்களுக்கு ஏசி போடுகிற வேலை. ரொம்பப் பொறுப்பான வேலை. அதனால் அவனுக்குப் போன் பண்ண நேரம் இருக்காது. இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை பண்ணுவான். சாப்பிட்டியாம்மா என்பான். சாப்பிட்டேன் ராசா என்பேன். சரி வைக்கட்டா என்பான். நான் குறை சொல்லவில்லை. அந்த ஊரில் வெயில் அப்படி.

இந்த வண்டியை அவன் லீவில் வந்திருந்தபோது வாங்கினான். பதினோரு நாள் ஓட்டினான். ஒரு நாள் குற்றாலம், ஒரு நாள் மணப்பாடு, மற்ற நாளெல்லாம் மாமியார் வீட்டுப் பக்கம். எங்களையும் ஏற்றிக்கொண்டு போவதாகத்தான் இருந்தது. சீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்ததால், ஸார் வேட்டி வழுக்கும், அடுத்த லீவில் போகலாம் என்றான். அப்படி யோசனை உள்ள பிள்ளை. போகும்போது சாவியை ஸாரிடம் கொடுத்து, திங்கட்கிழமை தோறும் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிடச் சொன்னான். ஸாருக்கு ஓட்டத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஸார் திங்கட்கிழமை காலையில் குளித்துவிட்டு உள்ளே ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நின்ற வண்டியில் உட்கார எதற்கு மூக்குக்கண்ணாடி என்று ஒரு நாள் கேட்டேன். எதிரே யாராவது வந்தால் தெரிய வேண்டாமா என்றார்கள்.

அவன் போய் மூன்றாம் வாரம் அந்தச் சனிக்கிழமை. வண்டி அழுக்காகிவிட்டதே, பிள்ளை பார்த்தால் வருத்தப்படுவானே என்று நான் பாத்திரம் கழுவுகிற வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றி, ஸாருடைய பழைய துண்டால் தேய்க்க ஆரம்பித்தேன். ஸார் அதைப் பெருமையாகப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினார்கள். அனுப்பி ஒரு நிமிஷம் ஆகவில்லை, போன் அடித்தது. முகம் பார்த்துப் பேசுகிற போன். அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அம்மா, கைய எடு. தேய்க்காத. ஒத்தி எடு" என்றான். அன்றைக்கு ஐம்பத்திரண்டு நிமிஷம் பேசினான் தம்பி. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போனை வாளியைக் கவிழ்த்து அதன் மேல் சாய்த்து வைக்கச் சொன்னான். வண்டி முழுக்கத் தெரிகிற மாதிரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு மணி. தவறினதில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று அன்றைக்கு முழங்காலில் நின்றேன்.

இப்போது விதத்தைக் கேளுங்கள். கழுவி முடித்ததும் குழாயின் முனையில் இருக்கிற பீச்சானைக் கழற்றிவிட வேண்டும். தண்ணீரை அடிக்கக் கூடாது, கூரையில் மெதுவாக விட வேண்டும். அது ஒரு சேலை நழுவுகிற மாதிரி முழுசாக வழிந்து போகும், போகும்போது பாதி ஈரத்தை அதுவே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் எங்கள் போர் தண்ணீரில் இதைச் செய்ய முடியாது. காய்ந்தால் வெள்ளைப் பொட்டாக உப்புப் பிடிக்கும். அதனால் கடைசித் தண்ணீர் மட்டும் கேன் தண்ணீர். சனிக்கிழமைக்கு மூன்று கேன். நாங்கள் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொள்வோம், பழகிவிட்டது. ஸாருக்கு நடுவில் ஒரு தடவை சிறுநீரில் கல் வந்தது. அவர்கள் குடும்பத்திலேயே அது உண்டு.

அப்புறம் துண்டு. மெத்தென்று பஞ்சு மாதிரி இருக்கும், மைக்ரோ என்று ஏதோ பெயர். கிங்ஸ்லி அங்கிருந்து வந்த ஒருவரிடம் பார்சல் கொடுத்தனுப்பினான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்று மேலே எழுதியிருந்தது. ஸார் ஜெபம் பண்ணித்தான் பிரித்தார்கள். உள்ளே ஆறு துண்டு, ஆறும் வண்டிக்கு. ஸார் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைத்தார்கள். துண்டின் ஓரத்தில் தைத்திருக்கிற கம்பெனிச் சீட்டைக் கத்தரித்துவிட வேண்டும், அதுகூடக் கீறும். துண்டு தரையில் விழுந்துவிட்டால் விழுந்ததுதான், மண் ஏறியிருக்கும், திரும்ப வண்டியில் படக் கூடாது. அப்படி விழுந்த இரண்டை ஸாருக்கு முதுகு துடைக்கக் கொடுத்தேன். ரொம்பச் சந்தோஷம் அவர்களுக்கு.

துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக் கூரையில் படுக்கப் போட வேண்டும். இழுக்கக் கூடாது. உள்ளங்கையை வைத்து லேசாக அமுக்கி, கொஞ்ச நேரம் இருந்து, அப்படியே நேரே மேலே தூக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குப் பிடிபடவில்லை. அவசரப்படாதே, அவசரப்படாதே என்பான். எவ்வளவு நேரம் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில் நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ஒரு இடத்துக்கு ஒரு பரமண்டல ஜெபம். கூரைக்கு நாலு, முன் பானெட்டுக்கு மூன்று, கதவு ஒவ்வொன்றுக்கும் ஒன்று, பின் டிக்கிக்கு இரண்டு. பக்கக் கண்ணாடிக்கு ஆமென் மட்டும். அளவு சரியாக வந்துவிட்டது. நீங்கள் எங்கள் மார்க்கம் இல்லை, திருநீறு பூசியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள், நீளம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. முதல் நாளே என் வளையலைக் கவனித்துவிட்டான். அடுத்த வாரம் மோதிரம். அதற்கடுத்த வாரம், அம்மா நீ குனியும்போது தாலிச் செயின் முன்னால் விழுகிறது, பானெட்டில் இடிக்கிறது என்றான். கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது. ஸாரிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "வண்டிக்கா?" என்றார்கள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் என் கழுத்தையே பார்த்துவிட்டு, சரி என்று திரும்பப் பேப்பரைப் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்துநாலு வருஷத்தில் ஆஸ்பத்திரிக்குக்கூட நான் கழற்றினதில்லை. ஜெபம் பண்ணி, கழற்றி, சீனி டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். மோதிரம் வர மாட்டேன் என்றது, சோப்புப் போட்டு எடுத்தேன். தண்ணீரிலேயே கிடந்து விரல் வீங்கிவிட்டதால் அது திரும்ப ஏறவில்லை. இன்னும் ஏறவில்லை.

பிறகு ஜாக்கெட் கொக்கி, சேலைப் பின். அதற்கு ஸாருடைய வேட்டி இரண்டைச் சேர்த்துக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரு அங்கி தைத்தேன். பொத்தான் கிடையாது, முதுகுப் பக்கம் நாடா. வெள்ளை வேட்டி என்பதால் வெள்ளை அங்கி. இதை ஏன் சொல்கிறேன் என்றால் பின்னால் அதனால்தான் வம்பு வந்தது.

அவன் கண் எப்படிப்பட்ட கண் தெரியுமா? அங்கே இருந்துகொண்டு, வாளி மேல் இருக்கிற போன் வழியாக, கதவுக்குக் கீழே ஒரு சொட்டு நிற்பதைப் பார்த்துவிடுவான். "அம்மா, கொஞ்சம் தள்ளு, மறைக்குத" என்பான். நான் தள்ளிக்கொள்வேன். நான் முகத்தைக் காட்டவே வேண்டியதில்லை, கை தெரிந்தால் போதும் அவனுக்கு. பேச்சு முழுக்க வண்டிதான் என்றாலும் நடுவில் குடும்ப விஷயமும் வரும். ஒரு நாள், "கதவுக் கைப்பிடிக்குள்ள விரல விட்டு ஒத்தும்மா, ஷீபாவுக்கு மூணாவது மாசம், அதுக்குள்ளதான் தண்ணி நிக்கும்" என்றான். ஷீபா என் மருமகள். பேரப்பிள்ளை வரப்போகிற செய்தி எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அப்போதும் துண்டை விடவில்லை. கைப்பிடி நாலையும் முடித்துவிட்டுத்தான் உள்ளே போய் அழுதேன். பேத்தி பிறந்த பிறகு சில சனிக்கிழமை ஷீபா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பாள், அப்போது பார்ப்பேன். பதினோரு மாசம் ஆகிறது. நான் பார்த்தவரைக்கும் எல்லாம் அவன் தோளுக்கு மேலேதான்.

நடுவில் எனக்குக் கண் புரை ஆபரேஷன் ஆனது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன், சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு துண்டோடு நிற்கிறேன். ஸார் வேண்டாம் என்றார்கள், குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னார் என்றார்கள். பிளஸ்ஸி கோயம்புத்தூரிலிருந்து கத்தினாள். நான் குனியவில்லை, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்தேன். கிங்ஸ்லி போனில் வந்ததும் பார்த்தான். பார்த்த உடனே, முன் சக்கரத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கிறதே என்றான். எவ்வளவு கவனம் பாருங்கள். ஸார் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில், கண்ணைப் பற்றி அவன் ஏதாவது கேட்டானா என்று கேட்டார்கள். அவன் வேலையாக இருக்கும்போது நாம் எதற்கு அதையெல்லாம் சொல்ல வேண்டும் என்றேன்.

கவரா? இருக்கிறதே. அதை ஏன் போடவில்லை என்று உங்கள் மச்சான்கூடக் கேட்டார். கிங்ஸ்லிதான் வாங்கி அனுப்பினான். இனிமேல் கவலையில்லை அம்மா, தூசியே படாது, கழுவ வேண்டாம் என்றான். போட்டோம். மூன்று சனிக்கிழமை வண்டி சுத்தமாக இருந்தது. கழுவவில்லை, அதனால் அவனுக்குக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை, நியாயம்தானே. நாலாவது வாரம் எனக்கு மனதில் தோன்றியது, இவ்வளவு கனமான கவரைப் போட்டு மூடினால் வண்டிக்கு வேர்க்குமே என்று. ஜெபத்தில் வைத்தேன். கவரை எடுத்துவிடும்படித்தான் உள்ளே உணர்த்தப்பட்டது. அதோடு முன்பு நின்ற ஷெட்டில் காற்று வராது என்று ஸாரிடம் சொல்லி, பால்காரரையும் கூப்பிட்டு, வண்டியை இந்தப் புங்கமரத்தடிக்குத் தள்ளச் செய்தேன். வெறுங்கையால் இல்லை, இரண்டு பேருக்கும் தலையணை கொடுத்தேன். ஸார் அண்ணாந்து மரத்தைப் பார்த்து, "மேல காக்கா கூடு இருக்கு புஷ்பம்" என்றார்கள். நான் நிழலைத்தான் பார்த்தேன், கூட்டைப் பார்க்கவில்லை. அந்த வாரத்திலிருந்து கழுவ வேண்டிய தேவைக்கு ஒரு குறைவும் வரவில்லை. கர்த்தர் எதையும் ஒரு நோக்கத்தோடுதான் படைத்திருக்கிறார்.

இப்போது வம்புக்கு வருகிறேன்.

எதிர் மாடியில் வயலட் அக்கா இருக்கிறார்கள். எங்கள் கோயிலில் பெண்கள் சங்கத்துக்கு அவர்கள்தான் செயலாளர். அந்த மாடியிலிருந்து பார்த்தால் எங்கள் காம்பவுண்டுக்குள் தெரியும், ஆனால் மதில் மறைப்பதால் பாதிதான் தெரியும். வண்டியின் கூரையும் நானும். அவர்கள் கண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. சனிக்கிழமை தோறும் நாலு மணிக்கு வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, வளையல் இல்லை, தாலி இல்லை, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வாய் முணுமுணுக்க, சுற்றிச் சுற்றி வருகிறேன். போதாததற்கு ஒரு சனிக்கிழமை பேச்சு நீண்டுவிட, செயினை சீனி டப்பாவிலேயே மறந்துவிட்டு மறுநாள் வெறுங்கழுத்தோடு ஞாயிறு ஆராதனைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாது தம்பி. நாங்கள் நகை போடுகிற சபை. அடுத்த தெருவில் ஒரு ஜெப வீடு இருக்கிறது, அவர்கள் நகையைக் கழற்றி, வெள்ளை உடுத்துகிற சபை. அவர்களும் நல்லவர்கள்தான், ஆண்டவர் ஒருவர்தான். ஆனால் இங்கிருந்து ஒரு குடும்பம் அங்கே போய்விட்டது என்றால் இழவு விழுந்த மாதிரி. ஒரு பெண் முதலில் கையை வெறுமையாக்குவாள், அப்புறம் கழுத்து, அப்புறம் வெள்ளை. அந்த வரிசையில்தான் போவார்கள். நானும் அதே வரிசையில்தான் போயிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

வயலட் அக்காவிடம் நான் உள்ளதைத்தான் சொன்னேன். காருக்காகக் கழற்றினேன் அக்கா என்றேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புஷ்பம், பொய் சொல்லணும்னா நம்புற மாதிரி சொல்லுளா" என்றார்கள்.

அடுத்த சனிக்கிழமை. கூரை முடித்து பானெட்டில் ஒரு ஜெபம் ஆகியிருக்கிறது, கேட் திறக்கிறது. குருவானவர் ஐயா, அவருக்குப் பின்னால் வயலட் அக்கா, சங்கத்துப் பெண்கள் நாலு பேர். என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள், நான் எங்கேயும் போகாமலே. அவர்கள் உள்ளே வந்து நிற்பதற்குள் ஜெப வீட்டுப் பியூலா சகோதரி ஒரு தட்டில் வாழைப்பழம் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, இன்னும் இரண்டு வெள்ளைச் சேலைகளோடு வருகிறார்கள். என்னை வரவேற்க. இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு வண்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறது. எனக்கு என்ன கவலை? எட்டு சேலைப் பின், பத்துப் பன்னிரண்டு வளையல், எல்லாரும் வண்டிக்கு ஒரு அடி தூரத்தில். வாளி மேலிருந்து கிங்ஸ்லி, யாரம்மா அது, வண்டி பக்கத்தில் யார் நிற்பது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

ஐயா சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். ஒன்றும் கடிந்து பேசவில்லை. ஒரு சின்ன ஜெபம் பண்ணுவோம் அம்மா என்று கண்ணை மூடினார். கண்ணை மூடிக்கொண்டே வலது கையைப் பானெட் பக்கம் கொண்டுபோகிறார், எங்கள் வழக்கம் அப்படி, வீடானாலும் வண்டியானாலும் கை வைத்துத்தான் ஜெபிப்பார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டில் ஸ்டீல் கடிகாரம், விரலில் மோதிரம். என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஐயா, கை வைக்காதீங்க."

ஐயா கண்ணைத் திறந்து கையை இழுத்துக்கொண்டார். ஜெபம் பண்ணுங்கள் ஐயா, கை மட்டும் வேண்டாம் என்றேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. வயலட் அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "கேட்டீங்களா ஐயா, நம்ம கை ஆகாதாம்" என்றார்கள். அந்தப் பக்கம் பியூலா சகோதரி மெதுவாக, ஸ்தோத்திரம் என்றார்கள்.

நான் விளக்கிச் சொல்லியிருப்பேன். ஆனால் வாளியிலிருந்து கிங்ஸ்லி, "அம்மா, இடது பக்கம் காயுது, ஒத்து, ஒத்து" என்கிறான். கேன் தண்ணீர்தான் என்றாலும் வெயில் அடித்தது. என்ன செய்வேன்? துண்டை விரித்து, கையைத் தூக்கி, பரமண்டல ஜெபம் ஆரம்பித்தேன். ஜெபம் சொல்லுகிறவளை நடுவில் யார் நிறுத்துவார்கள்? ஐயா கண்ணை மூடிக்கொண்டார். எல்லாரும் மூடிக்கொண்டார்கள். முடித்துவிட்டேன் என்று கண்ணைத் திறந்தார்கள், நான் அடுத்த இடத்துக்குப் போய்த் திரும்ப ஆரம்பித்தேன். திரும்ப மூடிக்கொண்டார்கள். இப்படியே பானெட்டில் மிச்சம் இரண்டு, கதவு நாலு, டிக்கி இரண்டு. இரண்டு சபையாரும் இருபது நிமிஷம் தலை குனிந்து நின்றார்கள். பக்கக் கண்ணாடியில் ஆமென் என்றேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். அடுத்த பக்கக் கண்ணாடிக்கும் ஆமென் என்றேன். அதற்கும் சொன்னார்கள். இந்தத் தெருவில் அந்த இரண்டு சபையும் சேர்ந்து ஜெபித்தது அன்றைக்கு ஒரு நாள்தான் என்று ஸார் பிறகு சொன்னார்கள்.

நான் இன்றைக்கும் அதே கோயில்தான், அதே பெஞ்சுதான். ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான். ஸார் பத்தொன்பது வருஷமாக ஞாயிறு தோறும் முன்னால் போய் நின்று வேத பாடம் வாசிப்பார்கள். நல்ல குரல். அடுத்த மாசம் ஒட்டின பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. வீட்டில் இப்படி இருக்கும்போது எப்படி என்று கமிட்டியில் பேசிக்கொண்டார்களாம். ஸார் அந்தப் பட்டியலுக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார்கள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஷேர் ஆட்டோவில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள். "இந்த வண்டியில நாம ஒரு தடவ கோயிலுக்குப் போயிருந்தாலாவது பரவாயில்ல புஷ்பம்." அவ்வளவுதான். அவர்கள் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே எனக்குப் பாடம் வாசித்துக் காட்டுகிறார்கள். எழுந்து நின்றுதான் வாசிக்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்குக் கிங்ஸ்லி வருவதாக இருந்தது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் இங்கே நம் கோயிலில் வைத்துக் கொடுக்கலாம் என்று நான் கேட்டிருந்தேன். யோசிக்கிறேன் என்றான். அந்த நவம்பர், டிசம்பரில் நான் வண்டியை வைத்திருந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். காக்கை என்ன நினைத்ததோ, அதுகூடக் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தது. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்கப்புறம் போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கூப்பிட்டான். செவ்வாய்க்கிழமை என்றதும் என்னமோ ஏதோ என்று பதறிவிட்டேன். கனடாவில் வேலை கிடைத்துவிட்டது, குடும்பத்தோடு போகிறோம், வண்டியை விற்றுவிடலாம், போட்டோவெல்லாம் போட்டுவிட்டேன், ஆள் வந்தால் அப்பாவைக் காட்டச் சொல் என்றான். இரண்டு நிமிஷம்.

"ஒரு கீறல்கூட இல்லையே ராசா" என்றேன்.

"தெரியும்மா. அதான் சீக்கிரம் போயிரும்" என்றான்.

அவன் சொன்ன மாதிரியே நீங்கள் வந்துவிட்டீர்கள். தங்கமான பிள்ளை, எதையும் சரியாகக் கணக்குப் போடுவான். போன சனிக்கிழமை நாலு மணிக்கு நான் பாட்டுக்கு வாளியைக் கவிழ்த்துப் போனை வைத்துவிட்டு ஆரம்பித்துவிட்டேன். பழக்கம். அடிக்கவில்லை. விற்கப் போகிற வண்டியை எதற்குப் பார்க்க வேண்டும், அவனுக்கு ஆயிரம் வேலை. அதற்கு முந்தின இரண்டு வாரமும் அப்படித்தான். நான் எல்லாப் பக்கமும் முடித்தேன். கோயம்புத்தூரிலிருந்து பிளஸ்ஸி நடுவில் இரண்டு தடவை கூப்பிட்டாள், லைனை அடைக்காதே, அண்ணன் கூப்பிடுவான் என்று வைக்கச் சொன்னேன்.

சரி, இவ்வளவும் உங்களுக்கு மனதில் நின்றதா? பீச்சானைக் கழற்ற வேண்டும். மேலிருந்து கீழே. இழுக்காமல் அமுக்கித் தூக்க வேண்டும். உங்கள் ஊரான சுரண்டைப் பக்கம் செம்மண் புழுதி, அதனால் முதலில் தண்ணீரிலேயே மண் முழுக்கப் போய்விட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றீர்கள், அவர்கள் கை வைப்பார்கள், வைக்கட்டும், என்ன செய்வது. அந்த நாலு துண்டையும் பையில் போட்டு வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு போங்கள்.

கேட் சத்தம் கேட்கிறது, அவர்கள் வந்துவிட்டார்கள். ஸாருக்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டாம், அதனால் சீக்கிரம் கேளுங்கள். எல்லாம் சொன்னேன், ஆனால் அந்தத் துண்டை எப்படித் துவைப்பது என்று மட்டும் நான் உங்களுக்குச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சாதாரண சோப்பில் போட்டால் அது கெட்டியாகிவிடும், அதற்கு ஒரு விதம் இருக்கிறது. கிங்ஸ்லிக்கு அது தெரியாது, துவைத்ததெல்லாம் நான்தான். இந்தச் சீட்டில் அவன் நம்பர் இருக்கிறது, கனடா போனாலும் இதே நம்பர்தானாம். வண்டியை முதல் தடவை கழுவின அன்றைக்கு அவனுக்கு ஒரு போன் போட்டு, துண்டை எப்படித் துவைக்க வேண்டும் என்று கேளுங்கள் தம்பி. அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பான்.